மாடப்புறாவைப் பறவைப் பட்டியலில் சேர்க்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பறவை நடைகளிலும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நாட்களிலும் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். பார்த்த பறவைகளின் பட்டியலைப் பதியும் இணையதளமான இபேர்டில், இந்தியாவிலிருந்து பட்டியல் இடுபவர்களை மனதில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன. வெளிநாட்டு விதிகள் கடைசிப் பகுதியில் வருகின்றன.

ஊரெல்லாம் புறாதான். அதையும் போய் எழுதணுமா?

எழுத வேண்டும். பட்டியலை அனுப்பும் முன் இபேர்டு ஒரு கேள்வி கேட்கிறது: நீங்கள் அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் இதில் சேர்த்துவிட்டீர்களா? ‘ஆம்’ என்றால் அது முழுப் பட்டியல். முழுப் பட்டியலில் ஒரு பறவையின் பெயர் இல்லையென்றால், அந்த நேரத்தில் அந்த இடத்தில் அது தென்படவில்லை என்றுதான் ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்வார்கள். பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு மாடப்புறாவை விட்டுவிட்டு ‘ஆம்’ சொன்னால், அங்கே புறா இல்லை என்ற தவறான தகவலைக் கொடுக்கிறீர்கள்.

காகம், மைனா, புறா மூன்றும்தான் அதிகம் விடுபடுகின்றன. வேண்டுமென்றே விடுபவர்கள் குறைவு. பட்டியலைக் கடைசியில் நினைவிலிருந்து எழுதும்போது, வியப்பூட்டிய பறவைகள்தான் மனதில் நிற்கும். பார்க்கத் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே காகத்தையும் புறாவையும் பதிந்துவிட்டால் இந்தச் சிக்கலே வராது.

முதல்ல ஒண்ணு சொல்லுங்க. இது காட்டுப் பறவையா, வளர்ப்புப் பறவையா?

இரண்டும்தான். கொலும்பா லிவியா என்ற அறிவியல் பெயர் கொண்ட இந்த இனம் தெற்கு ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா, இந்தியத் துணைக்கண்டம் ஆகிய பகுதிகளில் இயற்கையாகவே வாழ்வது. செங்குத்துப் பாறைகளின் இடுக்குகளில் கூடு வைக்கும். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் இதைப் பிடித்து வளர்த்தார்கள். இறைச்சி, செய்தி அனுப்புதல், பந்தயம், அழகு என ஒவ்வொரு தேவைக்கும் தனி வகைகளை உருவாக்கினார்கள். அவற்றிலிருந்து தப்பியவை, கைவிடப்பட்டவை, வழிதவறியவை எல்லாம் ஊர்களில் தங்கித் தாமாகவே பெருகின.

பாறை இடுக்குக்குப் பழகிய பறவைக்குக் கோபுரமும், மேம்பாலத்தின் அடிப்பக்கமும், ரயில் நிலையக் கூரையும், அடுக்குமாடியின் ஏசி இடுக்கும் ஒன்றுதான். வட அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஊருக்குள் திரியும் புறா முழுக்கவும் மனிதர் கொண்டுவந்த பறவை. நம் நாட்டில் அப்படி இல்லை. இங்கே இது மண்ணின் பறவை. அதோடு வளர்ப்பு வழி வந்தவை கலந்துவிட்டன. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள், பின்னால் வரும் பல பதில்கள் இதன்மேல்தான் நிற்கின்றன.

மணிப்புறா, தவிட்டுப்புறா, மாடப்புறா எல்லாம் எனக்கு ஒண்ணாத் தெரியுது. எப்படிப் பிரிக்கிறது?

மாடப்புறா ஏறத்தாழ 33 செ.மீ. நீளம், தடித்த உடல். சாம்பல்நீல நிறம், மடக்கிய இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டைகள், வால் நுனியில் கரிய பட்டை, கழுத்தில் பச்சையும் ஊதாவுமான மினுமினுப்பு. பறக்கும்போது இறக்கையின் அடிப்பக்கம் வெளிறித் தெரியும். கூட்டமாகச் சுற்றும், கிளம்பும்போது இறக்கை படபடவென அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்கும்.

மணிப்புறா சற்றே சிறியது, மெலிந்தது, வால் நீளம். பின்கழுத்தில் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் கொண்ட திட்டு இருக்கும். கள்ளிப்புறா வெளிறிய மணல் நிறம், பின்கழுத்தில் அரைவட்டக் கறுப்புக் கோடு. சின்னத் தவிட்டுப்புறா இவற்றிலெல்லாம் சிறியது. இவற்றின் இறக்கையில் இரட்டைக் கறுப்புப் பட்டை கிடையாது.

மலையூர்களில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. நீலகிரி, கொடைக்கானல் சோலைக்காடுகளின் ஓரத்தில் நீலகிரி காட்டுப்புறா வரலாம். அது பெரியது, பின்கழுத்தில் சதுரங்கக் கட்டம்போலக் கறுப்பு வெள்ளைக் குறி இருக்கும், இறக்கையில் பட்டை இருக்காது. உலக அளவில் அழியும் ஆபத்துள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது அது. அவசரத்தில் ‘புறா’ என்று தட்டிவிட்டுப் போகாதீர்கள். சரியாகப் பார்க்க முடியவில்லை என்றால் இனம் தெரியாத புறா என்று பதிய இபேர்டில் தனி வாய்ப்பு உண்டு. ஊகித்து எழுதுவதைவிட அது பயனுள்ளது.

ஒரே கூட்டத்துல கறுப்பு, வெள்ளை, செங்கல் நிறம்னு இருக்கே. தனித்தனியா எழுதணுமா?

வேண்டாம், எல்லாம் ஒரே இனம். மனிதர்கள் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த நிறங்கள் அவை. இரட்டைப் பட்டை நிறம் காட்டுப் புறாவுக்கு உரியது. செங்கல் நிறமும், வெள்ளைத் திட்டுகளும், உடல் முழுக்கக் கறுப்பும் வளர்ப்பு முன்னோரைக் காட்டுபவை. இறக்கையில் கட்டம் கட்டமாகத் தெரியும் நிறம் இன்னும் சுவையானது. ஆப்பிரிக்காவில் வாழும் வேறொரு புறா இனத்தோடு ஏற்பட்ட கலப்பில் அந்த மரபணு வந்தது என்று 2018இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டியது.

ஆர்வம் இருந்தால் குறிப்புப் பகுதியில் “40இல் 26 இரட்டைப் பட்டை, 9 கட்டம், 3 கறுப்பு, 2 வெள்ளைத் திட்டு” என்று எழுதுங்கள். ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் இப்படிக் குறித்தால், அந்தக் கூட்டத்தில் வளர்ப்புக் கலப்பு எப்படி மாறுகிறது என்பது புலப்படும்.

எங்க ஊர் கோபுரத்துல ஐந்நூறு இருக்கும். அதையெல்லாம் எப்படி எண்ணுறது?

உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைக் கோபுரத்தின் நிலைவாரியாக எண்ணுங்கள். கீழிருந்து மேலே போங்கள், ஒரு முகத்தை முடித்துவிட்டு அடுத்த முகத்துக்குச் செல்லுங்கள். சிற்பங்களுக்குப் பின்னால் மறைந்திருப்பவற்றை ஊகித்துச் சேர்க்க வேண்டாம். கண்ணில் பட்டதுதான் கணக்கு.

பறக்கும் கூட்டத்துக்கு வேறு முறை. முதலில் ஓர் ஓரத்தில் 10 புறாக்களை ஒன்றொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதியவைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவைக் கூட்டத்தின்மேல் நகர்த்தினால் எத்தனை பத்து என்று தெரியும். இருநூறைத் தாண்டினால் இருபது இருபதாகப் போகலாம். கூட்டத்தின் நடுப்பகுதி நெருக்கமாகவும் ஓரங்கள் தளர்வாகவும் இருக்கும் என்பதால் நடுவில் அளவெடுத்தால் எண்ணிக்கை கூடிவிடும், ஓரத்தில் எடுத்தால் குறையும். இரண்டு இடத்திலும் எடுத்துச் சராசரி பாருங்கள். கைபேசியில் ஒரு படம் எடுத்து வீட்டில் எண்ணிப் பார்த்தால், உங்கள் கண் கணக்கு எந்தப் பக்கம் பிழைக்கிறது என்பது சில முறைகளிலேயே பிடிபடும். பெரும்பாலானவர்கள் பெரிய கூட்டத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள்.

இரட்டிப்பாக எண்ணுவதுதான் இதில் பெரிய தவறு. புறாக்கூட்டம் வெடிச்சத்தம் கேட்டாலோ பைரி போன்ற வேட்டைப்பறவை வந்தாலோ எழும்பி வட்டமடித்து அதே இடத்தில் இறங்கும். ஒவ்வொரு சுற்றையும் கூட்டாதீர்கள். ஒரே நேரத்தில் கண்ணில் பட்ட அதிகபட்ச எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள். நடந்துகொண்டே பார்க்கும் பட்டியல் என்றால், போகும்போது பார்த்த கூட்டத்தைத் திரும்பி வரும்போது சேர்க்க வேண்டாம்.

நேரமும் முக்கியம். காலையில் பெரும்பகுதி வயலுக்கும் நெல் கிடங்குக்கும் இரைதேடப் போய்விடும், மாலையில் அடைய வரும். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட நினைப்பவர்கள் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே அளவு நிமிடங்கள் எண்ண வேண்டும். காலை 7 மணிக் கணக்கையும் மாலை 6 மணிக் கணக்கையும் பக்கத்தில் வைத்து, புறா பெருகிவிட்டது என்று சொல்லிவிட முடியாது.

எண்ண முடியலைன்னா எக்ஸ் போட்டா போதாதா?

ஒன்றுமே எழுதாமல் விடுவதற்கு, எண்ணுக்குப் பதிலாக எக்ஸ் இடுவது மேல். பறவை இருந்தது என்ற தகவல் அதில் உண்டு, எத்தனை என்பது இல்லை. முன் பதிலில் சொன்ன பத்துப் பத்துக் கணக்கில் ‘ஏறக்குறைய 120’ என்று எழுதினால்கூட எக்ஸை விடப் பல மடங்கு பயன். பேருந்தில் போகும்போது பார்த்தது போன்ற, உண்மையிலேயே மதிப்பிட வழியில்லாத நேரத்துக்கு மட்டும் எக்ஸை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பட்டியலிலும் பழக்கத்தில் ‘2’ என்று போடுவது எக்ஸைவிட மோசம். அது எண்ணியதுபோலத் தோற்றம் தரும், ஆனால் எண்ணியது அல்ல.

எதிர் மாடியில கூண்டு வெச்சு வளர்க்கிறாங்க. சாயங்காலம் திறந்து விட்டதும் பறக்குமே, அதையும் சேர்க்கலாமா?

கூடாது. உரிமையாளரின் கூண்டுக்குத் திரும்பும் புறா, தீனியும் இருப்பிடமும் மனிதர் கையில் உள்ள பறவை. கூண்டுக் கிளியைப்போல அதுவும் பட்டியலுக்கு வெளியேதான்.

பிரித்தறிவது பெரும்பாலும் எளிது. வளர்ப்புக் கூட்டம் ஒரே மாடிக்கு மேலே இறுக்கமாக வட்டமடிக்கும், ஒருவர் துணியோ கம்போ வீசிக்கொண்டிருப்பார், நடுவில் சில புறாக்கள் கரணம் அடிக்கும். இறங்குவதும் அதே மாடியில்தான். காலில் வளையம், இறகு மூடிய கால், விசிறி வால், கொண்டை போன்றவை வளர்ப்புக்கான குறிகள். வளர்ப்புக் கூட்டத்தோடு ஊர்ப்புறாக்களும் சேர்ந்து பறந்தால், தனியாகப் பிரிந்து போய்க் கட்டடத்தில் உட்கார்பவற்றை மட்டும் எண்ணுங்கள்.

வழிதவறிய பந்தயப்புறா ஒன்று வளையத்தோடு ஊர்க்கூட்டத்தில் நின்றால், அதை எண்ணிக்கையில் சேர்க்காமல் குறிப்பில் எழுதுங்கள். அது அங்கேயே தங்கி இணை சேர்ந்து கூடு வைத்துவிட்டால் அதன் குஞ்சுகள் கூட்டத்தின் பகுதி ஆகிவிடும். ஊர்ப்புறாக் கூட்டங்கள் உருவானதே இப்படித்தான். விழாக்களில் பறக்கவிடும் வெள்ளைப்புறாவுக்கும் இதே விதி பொருந்தும்.

பால்கனியில கூடு வெச்சிருக்கு. முட்டையையும் எண்ணணுமா?

முட்டையை எண்ண வேண்டாம். பொரித்த, உயிரோடு இருக்கும் குஞ்சை எண்ணலாம். வழக்கமாக 2 முட்டை இடும், 17 முதல் 19 நாளில் பொரிக்கும். இபேர்டில் இனப்பெருக்கக் குறியீடு என்றொரு பகுதி உண்டு. முட்டையுள்ள கூடு, குஞ்சுள்ள கூடு என்று அதில் குறிப்பது எண்ணிக்கையைவிட மதிப்புள்ள தகவல். மாடப்புறா ஆண்டு முழுதும் கூடு வைக்கும் பறவை என்பதால் எந்த மாதத்தில் எவ்வளவு என்பது இப்படித்தான் தெரியவரும்.

இபேர்டுல மாடப்புறாவுக்கு மூணு பெயர் வருது. எதைத் தேர்ந்தெடுக்கிறது?

ராக் பிஜன் என்ற பொதுப்பெயர், அதன்கீழ் ‘வைல்டு டைப்’ (அசல் காட்டு வகை), ‘ஃபெரல் பிஜன்’ (வளர்ப்பு வழி வந்து தானாக வாழும் ஊர்ப்புறா) என்று இரண்டு பிரிவுகள். வட அமெரிக்காவில் இருப்பவை எல்லாமே வளர்ப்பு வழி வந்தவை என்பதால் அங்கே ஃபெரல் என்று போடுவதில் குழப்பம் இல்லை. இந்தியாவில் பெரும்பாலான நேரம் பொதுப்பெயரே சரி. நகரத்தில் பல நிறம் கலந்த கூட்டம் என்றால் ஃபெரல் போடலாம், தவறில்லை.

எதைத் தேர்ந்தாலும் உங்கள் மொத்த இன எண்ணிக்கையில் அது ஒன்றுதான். மூன்றையும் தனித்தனியாகப் பதிந்தாலும் மூன்று இனம் ஆகாது.

மலைப்பாறையில, பெரிய கிணத்துல தங்குற புறா எல்லாம் ஒரே நிறமா இருக்கு. அது அசல் காட்டுப்புறாதானே? ‘வைல்டு டைப்’ போடலாமா?

இருக்கலாம், ஆனால் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஊர்ப்புறாக் கூட்டத்திலும் இரட்டைப் பட்டை நிறம் ஏராளம். அப்படி ஒரு புறா பாறையில் உட்கார்ந்தாலே அது காட்டுப்புறா ஆகிவிடாது.

முதுகின் அடிப்பகுதியைப் பார்த்து முடிவு செய்யச் சொல்லும் கையேடுகள் உண்டு. அதில் ஒரு பொறி இருக்கிறது. ஐரோப்பியக் காட்டுப்புறாவுக்கு அந்த இடம் வெள்ளை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் இண்டர்மீடியா என்ற துணையினத்துக்கு அது சாம்பல். ஐரோப்பியக் கையேட்டை வைத்துப் பார்த்தால் நம் காட்டுப்புறா போலியாகவும், வளர்ப்பு வழி வந்த வெள்ளை இடுப்புப் புறா அசலாகவும் தெரியும். அப்படியே தலைகீழ்.

இடம், கூட்டத்தின் நிறம், கூடு மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஊரிலிருந்து விலகிய செங்குத்துப் பாறையா? முப்பது நாற்பது புறாவில் ஒன்றில்கூட வெள்ளைத் திட்டோ செங்கல் நிறமோ கட்டமோ இல்லையா? அவை அங்கேயே கூடு வைக்கின்றனவா? மூன்றுக்கும் ஆம் என்றால் மட்டும், படத்தோடு ‘வைல்டு டைப்’ போடுங்கள், காரணத்தைக் குறிப்பில் எழுதுங்கள். இலங்கையில் திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளிக் கரைக்கு அப்பால் உள்ள புறாத்தீவு, அங்கே கூடு வைக்கும் காட்டு மாடப்புறாவால் பெயர் பெற்றது. இத்தகைய இடங்களில் தனிப்பதிவு மிகவும் மதிப்புள்ளது. ஊர்ப்புறா வந்து கலப்பதால் உலகெங்கும் தூய காட்டுக்கூட்டங்கள் குறைந்துவருகின்றன. ஸ்காட்லாந்தின் அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளில் கலப்பு மிகக் குறைந்த கூட்டம் இன்னும் இருப்பதை மரபணு ஆய்வு உறுதிசெய்திருக்கிறது. நம் பாறைக்கூட்டங்கள் எங்கெல்லாம் உள்ளன என்பது முதலில் பதிவாக வேண்டும்.

சரி, அன்றாடப் பட்டியலுக்கு ஒத்துக்கிறேன். என் வாழ்நாள் பட்டியல்ல இதை ஓர் இனமா எண்ணலாமா? அமெரிக்காவுலயோ லண்டன்லயோ பார்த்தா?

இந்தியாவில், இலங்கையில் எண்ணலாம், கேள்வியே இல்லை. இது இங்கே இயல் பறவை என்பதை இரண்டாம் பதிலில் பார்த்தோம்.

பிரிட்டனில் பறவை இனங்களின் அதிகாரப்பூர்வப் பட்டியலை வைத்திருக்கும் பிரிட்டிஷ் ஆர்னிதாலஜிஸ்ட்ஸ் யூனியன் ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு வகையெழுத்து தருகிறது. மாடப்புறாவுக்கு இரண்டு: இயல்பாக வாழ்வதால் ‘ஏ’, வளர்ப்பிலிருந்து வந்து நிலைத்ததால் ‘சி4’. லண்டன் சதுக்கத்தில் பார்த்தாலும் பட்டியலில் சேரும். ஆனாலும் ஸ்காட்லாந்து, அயர்லாந்துக் கடற்பாறைகளில் காட்டுப்புறாவைப் பார்க்கும்வரை அதைக் குறிக்கமாட்டேன் என்று சிலர் வைத்திருக்கிறார்கள். அது தனிப்பட்ட கட்டுப்பாடு.

வட அமெரிக்காவுக்கு 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியக் குடியேறிகள் கொண்டுபோனார்கள். அங்குள்ள பறவை ஆர்வலர்களின் அமைப்பான அமெரிக்கன் பேர்டிங் அசோசியேஷன் விதிப்படி, மனிதர் கொண்டுவந்த இனம் தானாகப் பெருகி நிலைபெற்றுவிட்டால் எண்ணலாம். மாடப்புறா அதில் எப்போதோ தேறிவிட்டது. இபேர்டும் இப்படி நிலைத்தவற்றை மொத்தத்தில் சேர்க்கிறது. கூண்டிலிருந்து தப்பியவை என்று வகைப்படுத்தியவற்றை மட்டும் சேர்ப்பதில்லை. சிங்கப்பூரிலும் மாடப்புறா வெளியிலிருந்து வந்து நிலைத்ததுதான், அங்கேயும் எண்ணலாம்.

உங்கள் சொந்த நோட்டில் எண்ணாமல் விட்டால் யாருக்கும் நட்டமில்லை. முதல் பதிலில் சொன்ன முழுப் பட்டியலில் விடுவதுதான் நட்டம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதாலேயே பாதிச் சண்டை வருகிறது.

ஒரு நாளில் அதிக இனம் பார்க்கும் போட்டியில மாடப்புறாவை எண்ணுறது நியாயமா?

நியாயம்தான், எல்லா அணிக்கும் அது கிடைக்கும் என்பதால் யாருக்கும் சாதகமில்லை. போட்டி தொடங்கும் முன் வளர்ப்புக் கூட்டம் செல்லாது என்று மட்டும் அமைப்பாளர் சொல்லிவிட வேண்டும்.

புறா பெருகினா மத்த பறவைக்குக் கெடுதல், நோய் வேற வருதுன்னு சொல்றாங்க. அதைப் போய்ப் பதிவு பண்ணினா அதுக்கு ஆதரவு கொடுக்கிற மாதிரி ஆகாதா?

ஆகாது. பதிவு செய்வது பாராட்டு அல்ல. 942 இனங்களை ஆராய்ந்த ‘இந்தியப் பறவைகளின் நிலை 2023’ அறிக்கை, நன்றாகப் பெருகிவரும் பறவைகளில் ஊர்ப்புறாவையும் மயிலையும் குயிலையும் குறிப்பிட்டது. மக்கள் இட்ட இபேர்டு பட்டியல்கள்தான் அதற்கு அடிப்படை. எத்தனை முழுப் பட்டியல்களில் ஓர் இனம் இடம்பெறுகிறது என்ற விகிதத்தை ஆண்டுவாரியாக ஒப்பிட்டே போக்கைக் கணக்கிடுகிறார்கள்.

புறாவை ‘இதெல்லாம் ஒரு பறவையா’ என்று விட்டவர்கள் பாதிப் பேர், எழுதியவர்கள் பாதிப் பேர் என்றால் அந்த விகிதம் கெட்டுப்போகும். பெருகியது புறாவா, எழுதும் பழக்கமா என்று பிரிக்க முடியாது. புறாவுக்குத் தீனி போடுவதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று நகராட்சியிடம் கேட்க விரும்புபவர்களுக்குத்தான் இந்த எண்கள் முதலில் தேவைப்படும். தீனி நிறுத்தியபின் குறைந்ததா என்று பார்க்கவும் முன்கணக்கு வேண்டும்.

பொங்கல் கணக்கெடுப்புல எங்க பள்ளிப் பிள்ளைங்களுக்குப் புறா மட்டும்தான் தெரியும். அது போதுமா?

தாராளமாகப் போதும். 2015 முதல் ஜனவரி நடுவில் நான்கு நாட்கள் நடக்கும் இந்தக் கணக்கெடுப்பில் குறைந்தது 15 நிமிடம் ஒரே இடத்தில் பார்த்துப் பட்டியல் இட்டால் போதும். காகம் 12, மாடப்புறா 35, மைனா 4 என்று மூன்றே இனம் இருந்தாலும், அவர்கள் அடையாளம் கண்ட எல்லாம் அதில் இருந்தால் அது முழுப் பட்டியல்தான். தெரியாத பறவையை விடலாம், தெரிந்ததை விடக் கூடாது. எண்ணிப் பழக மாடப்புறாவைவிட நல்ல பறவை கிடையாது. பெரியது, பக்கத்தில் நிற்கும், பயந்து ஓடாது.

இத்தனை வருஷம் புறாவை எழுதாமலே விட்டுட்டேன். பழைய பட்டியலை எல்லாம் என்ன பண்றது?

நினைவிலிருந்து எண்களைச் சேர்க்காதீர்கள். அன்று புறா இருந்தது படத்திலோ நோட்டுப் புத்தகத்திலோ உறுதியாகத் தெரிந்தால் எக்ஸ் சேர்க்கலாம். உறுதி இல்லாத பட்டியல்களைத் திறந்து, திருத்தும் பகுதியில் ‘எல்லாப் பறவைகளையும் சேர்த்தீர்களா’ என்ற கேள்விக்குப் பதிலை ‘இல்லை’ என்று மாற்றுங்கள். மற்ற பதிவுகள் அப்படியே இருக்கும், உங்கள் வாழ்நாள் எண்ணிக்கையும் குறையாது. பட்டியல் முழுமையானவற்றின் கணக்கிலிருந்து மட்டும் விலகும்.

நிறையப் பட்டியல்கள் இருந்தால் ஊருக்குள் எடுத்தவற்றை முதலில் திருத்துங்கள், புறா விடுபட்டது அங்கேதான் அதிகம் இருக்கும். அடர்காட்டில் எடுத்தவற்றைத் தொடத் தேவையில்லை, அங்கே மாடப்புறா இல்லாததே இயல்பு.